எந்தத் தராசு என்று கேட்டவளுக்கு

இன்று காலை மஸ்கெலியாவுக்கு மேலே, நம் அம்மாமார் தேயிலைக் கொழுந்து நிறுத்த அதே மடுவத்துக் கொட்டகையில், இரண்டு புதுத் தராசுகளின் வயர்களைக் கணினியில் செருகினேன். புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று கணினி ஒரு சின்ன மணியடிக்குமே, அது இரண்டு தடவை கேட்டது. உடனே உன் குரல்தான் காதில். "யாரோ வந்திருக்காங்கடி, யாருன்னு கேளு!"

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஐந்தாம் நாள் பெட்டியில் வந்தாய். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இரண்டு பேராகத் தொடங்கிய வேலையை இப்படி நடுவில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டா?

அட்டனில் அந்தக் குளிர் பிடித்த வாடகை அறையில்தான் நிறுவைப் புரோகிராமை எழுதினோம். தோட்டத்துக் கணினியில் எதையும் ஏற்றக் கூடாது என்று ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் பென் டிரைவிலிருந்தே ஓடுகிற மாதிரி எழுதினேன். எந்தக் கணினியில் செருகினாலும் ஓடும் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. தராசைத் தேடுவது இயங்குதளத்தின் வேலை, என் புரோகிராமுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது என் கட்சி. கணினி தந்த நம்பரை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒன்று இடப்பக்க வரிசையில் கொழுந்தோடு நிற்பவர்களின் தராசு, இரண்டு வலப்பக்கத்துத் தராசு.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. "அது லயத்துக் காம்பரா நம்பர் மாதிரிடி. உள்ள யாரு குடியிருக்காங்கன்னு நம்பர் சொல்லுமா? ஒரு வயர் வந்திருக்குன்னு மட்டுந்தான் சிஸ்டத்துக்குத் தெரியும். எந்தத் தராசுன்னு நம்மதான் கதவத் தட்டிக் கேக்கணும்" என்றாய். ஒவ்வொரு தராசுக்கும் தனி அடையாள எண் உண்டு, கேட்டால் சொல்லும் என்றும் காட்டினாய். "ஒனக்கு வேற வேலையே இல்ல" என்று நான் வாயை அடைத்தேன்.

இடி இடித்தால் நம் தோட்டத்தில் முதல் வேலை என்ன? எல்லா வயரையும் பிடுங்குவதுதான். புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் நடுப்பகலிலும் பெரிய கிளாக்கர் அதைத்தான் செய்தார். இடி ஓய்ந்ததும் திரும்பச் செருகினார், ஆனால் இடம் மாற்றி, நம்பர்களும் மாறிப்போயின. இடப்பக்கத்து நிறை வலப்பக்கத்துப் பெயரிலும் வலப்பக்கத்து நிறை இடப்பக்கத்துப் பெயரிலும் விழுந்துகொண்டே இருந்தது. அந்தியில் பட்டியலை வாசித்தபோது, முனியம்மா அக்காவுக்கு நிறை காணாது என்று அரைப்பேர். கொழுந்தெடுப்பில் பெயர் பெற்ற கைகாரிக்கு, நாள் முழுக்க நனைந்து பறித்ததற்கு அரை நாள் சம்பளம்.

"தராசுல இருபத்தொன்னு காட்டிச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன் தாயி" என்றார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க அக்கா. நீங்க பக்கத்துத் தராசப் பார்த்திருப்பீங்க."

கொழுந்தெடுத்தவள் மகள் நான், அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அக்கா முக்காட்டுச் சாக்கை இழுத்து விட்டுக்கொண்டு போனார். நீ என் கையைக் கிள்ளினாய், அது இப்போதும் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

மறுநாள் விடியுமுன்பே பிழையைக் கண்டுபிடித்தவளும் நீதான். கிளாக்கரிடம் காட்டி அக்காவுக்கு முழுப்பேர் போட வைத்தாய். தராசிடமே எண்ணைக் கேட்கிற மாதிரி புரோகிராமையும் மாற்றினாய். "போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாடி" என்றாய். "வயர மாத்திக் குத்துனது கிளாக்கரு. நான் எதுக்குப் போகணும்?" என்றேன். அதற்குமேல் நீ வற்புறுத்தவில்லை. நானும் போகவில்லை. இத்தனை வருஷமாக அக்கா குடியிருக்கிற லயத்துப் பக்கமே போகாமல் சுற்றிப் போயிருக்கிறேன்.

புதுத் தராசுகள் பேசுகிற விதம் வேறு. நீ எழுதியதை அப்படியே வைக்க முடியாது. இன்று கிளாக்கர் அவசரப்பட்டார். "நாளைக்கிக் காலையில மலைக்கு ஆள் போகுது. ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டுட்டுப் போங்க பிள்ள."

"முடியாதுங்க. எந்தத் தராசுன்னு அதுவே சொல்லாம ஒரு கிலோ கொழுந்துகூட இதுல பதியாது."

மத்தியானம் சோறு தின்னவில்லை. எழுதி முடித்து, வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றிச் செருகினேன். மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். எந்தத் துளையில் குத்தினாலும் இடப்பக்கத் தராசு இடப்பக்கத்துக்கே பதிந்தது. கிளாக்கர் கடைசியில் சிரித்துவிட்டார். "ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்" என்றார். இரண்டு பேர் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பையை எடுத்துக்கொண்டு நேரே முனியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது அவர் மலைக்குப் போவதில்லை, முழங்கால் விடவில்லையாம். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கி ஒங்களப் பொய்க்காரி ஆக்குனது நான். மன்னிச்சிக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது எப்பவோ தீந்து போச்சே. மறுநாளே அந்தப் புள்ள வந்துச்சு, தொப்பலா நனைஞ்சுக்கிட்டு. 'நான் எழுதுனதுலதான் பிழை அக்கா, அவ மேல கோவிச்சுக்காதீங்க'ன்னு நின்னுச்சு. நானும் வாய்க்கு வந்தபடி ஏசிப்புட்டேன். பாவம், தலையக் குனிஞ்சுக்கிட்டு கேட்டுச்சு."

நீ எனக்குச் சொல்லவே இல்லை. அதன்பிறகு எத்தனை தரம் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்றோம், ஒரு வார்த்தை சொன்னாயா?

"அவ எழுதல அக்கா" என்றேன். "அந்த வரி முழுக்க நான் எழுதினது. அவ வேணாம்னுதான் சொன்னா."

அக்கா, "அப்ப அந்தப் புள்ளைய ஏசுனது தப்பாப் போச்சே" என்று கண்ணைத் துடைத்தார்.

"அந்த ஏச்சு எனக்கு வர வேண்டியது. இப்ப ஏசுங்க" என்று படியில் உட்கார்ந்தேன்.

ஏசினார். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டேன்.