மன்னிப்பு மட்டும் போதும்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். அத்தானுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. சின்னவள் பரீட்சை முடிந்து வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாள். உனக்கு இருமல் விட்டதா?

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நீ நடித்த அந்தப் படம் மறுபடி ஓடுகிறது. தியேட்டரில் இல்லை, பிள்ளைகளின் செல்போனில். திருட்டுப் பழி சுமந்த பெண் சிநேகிதர்களோடு பள்ளி வேனை எடுத்துக்கொண்டு தப்பிக்கிறாளே, போலீஸ் துரத்தத் துரத்த ஊர்ப் பிள்ளைகள் அவர்களைப் பரணிலும் கட்டிலடியிலும் ஒளித்து வைக்கிறார்களே, அதேதான். வந்தபோது ஈ ஓட்டிய படம். உனக்கு அடுத்த வாய்ப்பே வரவில்லை. சொந்தக்காரர்கள் ‘தொட்டி ராணி’ என்று கிண்டல் செய்ததில் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாய்.

இப்போது எங்கள் துணிக்கடைப் பெண்களுக்கு அந்தத் தண்ணீர்த்தொட்டிக் காட்சி மனப்பாடம். கிராப் வெட்டிய தலையோடு மேலே நின்று கத்துவாயே, “எனக்கு வேற எதுவும் வேணாம். மன்னிப்பு கேளுங்க, இறங்கி வர்றேன்” என்று. அவர்கள் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். ஆனாலும் உனக்குப் பிடிக்காதே என்று வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் கடையில் விலையுயர்ந்த கோட்டு ஒன்று காணாமல் போனது. மேலாளர், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பையை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே தரையில் கொட்டினார். சீப்பு, மாத்திரை, பாதி தின்ற ரொட்டி எல்லாம் சிதறியது. சாயங்காலம் பார்த்தால் கோட்டு எங்கள் தையல் பிரிவில் கிடக்கிறது, பொத்தான் மாற்ற அவரே அனுப்பியது! “சரி சரி, வேலையைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பெண்கள் யாரும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார்கள். கோஷமெல்லாம் இல்லை. “மன்னிப்பு கேளுங்க, உள்ள வர்றோம்” என்றார்கள், அவ்வளவுதான். முதலாளி வந்து, அத்தனை பேரையும் வேலையைவிட்டுத் தூக்கிவிடுவேன் என்று குதித்தார். எனக்கு மெஷின் முன்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் அவர்களோடு நின்றேன். திரும்பி வரத் தோன்றவில்லை. நாங்கள் யாரும் நகராததால் கடைசியில் மேலாளர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டார். அவள் “சரிங்க சார்” என்றாள். பிறகு நேராகத் தன் கவுன்டருக்குப் போய் நின்றாள். அந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்!

அதற்குப் பிறகுதான் அவர்களிடம் சொன்னேன், படத்தில் வருவது என் தங்கை என்று. யாரும் நம்பவில்லை. செல்போனை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, நம் இருவர் மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒரே கூச்சல். “அவங்க இப்ப எப்படி இருக்காங்கக்கா?” என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. போன ஞாயிறு நாம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது உன் முதலாளியம்மா உன்னை எடுத்தெறிந்து பேசியது எனக்கும் கேட்டது. “விடுக்கா, பழகிடுச்சு” என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழகிக்கொள்ளாதே, கண்ணு. முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, கிளம்பி வா.

எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று ஆசைப்படும்,
உன் அக்கா