மஞ்சள் தடவிய விண்ணப்பம்

ஜூன் 4, புதன்

காலையிலேயே வெயில். காற்று வேறு கிளம்பிவிட்டது, வீடெல்லாம் செம்மண். தாள்களையெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

மதுரை காலேஜ், பி.யூ.சி. விண்ணப்பம். கடைசி நாள் 12. வேண்டியவை:

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் – இருக்கிறது.
மார்க் நகல் – எச்.எம். டீச்சர் கையெழுத்து, சீல். ஆச்சு.
நன்னடத்தைச் சான்று – ஆச்சு. (என் நடத்தை நல்லதாம்! ஆத்தாவிடம் காட்ட வேண்டும்.)
போட்டோ – நாளை.
ஐயா கையெழுத்து – ?

கடைசி ஒன்றுதான் மலை. மற்றதெல்லாம் கடுகு.

சாயங்காலம் சாக்கோட்டையிலிருந்து அத்தை. முறுக்குச் சட்டியும் கையுமாக. "ஆவணியில முடிச்சுருவோம்ண்ணே. முத்துவும் சரின்னுட்டான்."

ஐயா என் பக்கம் திரும்பாமலே, "காலேஜில எடம் கெடைக்கலேன்னா முடிச்சுருவோம்."

முத்து அத்தான்மேல் கோபம் ஒன்றுமில்லை. ரைஸ் மில், நல்ல சுபாவம். கட்டிக்கொள்ளத்தான் இஷ்டமில்லை. எனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆத்தா எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

போட்டோ வந்தது. திருட்டு முழி. பரவாயில்லை.

ஐயா உரக்கடையிலிருந்து வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கடைசியில் பேனாவைக் கேட்டார். "போட்டு வையி. கெடைக்கவா போகுது?" கிடைக்காது என்ற நம்பிக்கையில் போட்ட கையெழுத்து! போகட்டும், போட்டாரே.

நாளைக்கே தபாலில் சேர்க்கப் பார்த்தேன். ஆத்தா விடவில்லை. "நாளைக்கு அட்டமி. மறுநா நவமி. திங்கக்கெழம அனுப்பு." விண்ணப்பம் சாமி படத்துக்கு முன்னால். இரண்டு நாள் எப்படிப் போகும்.

ஜூன் 9, திங்கள்

ஆத்திரம். எழுதினால்தான் அடங்கும்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் விண்ணப்பத்தின் நாலு மூலையிலும் மஞ்சள். தண்ணீர் விட்டுக் குழைத்து, தாராளமாக. கீழ்மூலையில் ஐயாவின் கையெழுத்து கரைந்து, மஞ்சளும் நீல மையும் கலந்து பச்சையாக ஒரு கறை. கத்தினேன். "வேணும்னே பண்ணிட்ட" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ஆத்தா: "கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுறோம். புதுச் சேலைக்குத் தடவுறோம். நீ போறது மட்டும் நல்ல காரியமில்லையா? அதேன் தடவுனேன்."

அவள் என் பக்கம்! அது தெரிந்த நாளைப் பார்.

இன்னொரு கையெழுத்துக்கு ஐயாவிடம் போய் நின்றேன். "ஒருக்காப் போட்டேன். அழிஞ்சுபோச்சு. சாமியே வேணாம்னுருச்சு. அம்புட்டுத்தேன்." அதோடு நிற்கவில்லை. அத்தைக்கு ஆள் அனுப்பிவிட்டார், வெள்ளிக்கிழமை பரிசம் போட வரச்சொல்லி. அப்பாடா என்று இருந்திருக்கும் அவருக்கு.

ஆத்தா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நானும்.

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததும் ஆத்தா ஐயாவிடம், "திருக்கோஷ்டியூர் போயிட்டு வாரோம். பிள்ளைக்கு ஒரு வேண்டுதல்." அவர் சரியென்று தலையாட்டினார். பஸ் ஏறினோம். மதுரைக்கு!

திருப்பத்தூர் தாண்டும்போது சன்னல் வழியாகக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "சொன்னது முழுப் பொய்யாப் போயிறக் கூடாதுல்ல."

காலேஜ் ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தாளைப் பார்த்ததும், "காரைக்குடிப் பக்கமா?" மேசைமேல் இருந்த கட்டைப் பிரித்துக் காட்டினார். மூலைக்கு மூலை மஞ்சள். ஒன்றில் குங்குமம் வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பார்த்தியா என்று.

பிறகு அந்தம்மா பச்சைக் கறையில் விரலை வைத்தார். "இது செல்லாதும்மா. அப்பா வந்திருக்காரா?"

ஆத்தா: "நான் பெத்தவ. நான் போடலாமா?"

"தாராளமாப் போடுங்க."

அவளுக்கு எழுதத் தெரியும். கடைசியாக எப்போது எழுதினாளோ. பேனா மூடியை நான்தான் கழற்றிக் கொடுத்தேன். அழகம்மாள் என்று எழுத்தெழுத்தாக. முடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்வை. வாங்கிக்கொண்டார்கள். "மார்க் நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்தம்மா.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் பயம்.

ஜூன் 11, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. தலை வலி.

மத்தியானம் ஐயா சாப்பிட உட்கார்ந்தார். ஆத்தா நின்று பரிமாறினாள். நான் அடுப்படி நிலைப்படியில்.

"வெள்ளிக்கெழமைக்கு என்னென்ன சாமான் வேணும்? சொல்லு."

"ஒண்ணும் வேணாம். காலேஜில விண்ணப்பத்தக் குடுத்தாச்சு. நேத்து மதுரைக்குத்தேன் போனோம்."

ஐயாவின் கை வட்டிலிலேயே நின்றுவிட்டது. "கையெழுத்து?"

"நாந்தேன் போட்டேன்."

"யாரக் கேட்டுப் போட்ட?"

ஆத்தா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். குரல் உயரவே இல்லை. "என்னைய ஒங்களுக்குக் கட்டிக் குடுத்தப்ப யாரக் கேட்டாக?"

ஐயா வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் சத்தம். போய்விட்டார். ஓடிப்போய்க் கூப்பிடவா என்று கேட்டேன்.

"இரு" என்றாள். ஐயா எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"பசிக்குது. சோறு போடு."

போட்டேன்.