நீ கையை இறக்கியபோது

மாட்டுங்கா மார்க்கெட்டில் இன்று நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது அதிமதுரம் இடிக்கும் வாசனை வந்தது. காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ எப்போதும் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டேதான் பேசுவாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நீ கடைசியாக இருந்த நாக்பூரிலிருந்து தகவல் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அன்று உன் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தாராவி சர்ச்சின் பாடகர் குழுவுக்கு, கொயருக்கு, மாஸ்டராக நீ வந்தாய். செம்பூரில் வீடு, கோட்டைப் பக்கம் ஒரு ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. சனிக்கிழமை டியூட்டி முடிந்து நேரே ரிகர்சலுக்கு வருவாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பத்திரண்டு. ஒரு பெண் முன்னால் நின்று கையசைக்க, அதைப் பார்த்துப் பாடும் வழக்கம் கொயரின் ஆண்கள் வரிசைக்கு அதுவரை இருந்ததில்லை.

முதல் நாள் எங்களைப் பாடவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தாய். ஒவ்வொருவர் பக்கத்திலும் காதைச் சாய்த்துக் கேட்டாய். பெண்கள் வரிசையில் என் முன்னால் வந்து நின்றவள் நகரவே இல்லை. பாட்டு முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, என்னிடமிருந்து சத்தமே வரவில்லையே என்று கேட்டாய்.

“எனக்கு முரட்டுக் குரலு. எல்லாரையும் அமுக்கிரும்னு, வாய மட்டும் அசைக்கச் சொல்லிட்டாவ, முந்தின மாஸ்டர்,” என்றேன்.

“எத்தனை நாளா?”

“ஆறு வருசமா.”

நீ பரிதாபப்படவில்லை. என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தாய். தோல் பை தைக்கும் பட்டறை, பத்து மெஷின் ஓடும், கத்தினால்தான் அடுத்தவளுக்குக் கேட்கும் என்றேன். அங்கே எப்படிக் கூப்பிடுவாயோ அப்படி இங்கே கூப்பிடு என்றாய். வெட்கத்தோடு, பக்கத்து மெஷின்காரி செல்வியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கோயில் கூரையில் பட்டுத் திரும்பியது. எல்லாரும் சிரித்தார்கள். நீ என் விலாவில் கையை வைத்து, “பாரு, கழுத்து இறுகவே இல்ல. கூப்பிடும்போது நீ யாருக்கும் பயப்படல. இதே மூச்சுல பாடு,” என்றாய்.

பாடினேன். புகார் வந்தது. சபைகளின் பாட்டு விழாவுக்கு இரண்டு மாதமே இருந்தது. இவளை ஓரத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று சபைச் செயலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். தலை குனிந்து பையை எடுத்துக்கொண்டேன். நீ வந்து அந்தப் பையை வாங்கி உன் நாற்காலியில் மாட்டிவிட்டு, என்னைப் பெண்களின் கீழ்க்குரல் வரிசையான ஆல்ட்டோவின் நடுவில் நிறுத்தினாய்.

“இவளைக் குறைச்சா சத்தம் சமமாயிடும், சார். ஆனா அடுத்தது நானான்னு ஒவ்வொருத்தரும் பயந்துகிட்டே பாடுவாங்க. எனக்கு அந்தப் பாட்டு வேணாம்.”

இரண்டு ஆண்கள் அன்றே கொயரை விட்டு நின்றுவிட்டார்கள். நீ அவர்களைத் தடுக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பத்து நிமிஷம் பாட்டே கிடையாது. பக்கத்தில் நிற்பவர் மூச்செடுப்பதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் மூன்றாவது வாரம், என் இடப்பக்கம் நின்ற டீச்சரம்மா வரி முடியுமுன்பே மூச்சு தீர்ந்து தவிப்பது எனக்குக் கேட்டது. ஆறு வருஷம் அந்த அம்மா பக்கத்தில் நின்றிருக்கிறேன். அன்றுதான் கேட்டேன். அந்த இடத்தில் என் குரலை நீட்டிப் பிடித்தேன். அந்த அம்மா நிதானமாக மூச்செடுத்துக்கொண்டு திரும்ப வந்து சேர்ந்துகொண்டார். நீ என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாய்.

விழா மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். மூன்றாவது சரணத்தின் நடுவே நீ இரண்டு கைகளையும் இறக்கிவிட்டாய். ஆனால் பாட்டு நிற்கவில்லை. இருபத்து மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு பாடினோம். மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் யாரும் சொல்லாமலே எல்லாரும் மெதுவாகப் போனோம். பட்டறையில் காய்த்துப்போன என் குரல் அத்தனை குரல்களுக்கும் அடியில் தரை மாதிரி கிடந்தது. அதன் மேல் மற்றவர்கள் நடந்தார்கள். நீ எங்கள் முன்னால் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பரிசு கிடைக்கவில்லை. ஒரு குரல் தனியாகக் கேட்கிறது என்று நடுவர் எழுதியிருந்ததைச் செயலாளர் உரக்க வாசித்தார். “ஆமா, எனக்கும் கேட்டுது,” என்றாய் நீ.

கிங் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் உன்னிடம் கேட்டேன், எங்களை நம்பித்தானே கையை இறக்கினாய் என்று.

“இல்ல. கை நடுங்கிச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு இறக்கிட்டேன். அப்புறம் நீங்க பாடினீங்களா, திரும்பத் தூக்க மனசு வரல.”

அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்ற நீ, நடுங்கியதை மறைக்காமல் என்னிடம் சொன்னாய். மேடையில் கண்டதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இன்றும் அப்படித்தான்.

இப்போது கொயரில் நான் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து சபையோடு பாடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பின்னால் நின்ற மேரிக்கு ஒவ்வொரு வரியிலும் நடுவே மூச்சு உடைந்தது. என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, வெயில்தான் என்றாள். விடாமல் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அவளுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்டார்.

பாட்டில் கேட்டது என்றேன்.