நடுவில் வரைந்த வாத்து

சுசோ, அக்டோபர் 19

அன்புள்ள பெய்ஜுவான்,

இந்தக் கடிதத்தில் இருப்பவை:

1. என் உடம்பு.
2. ஓவிய வகுப்பு.
3. இரண்டாவது பேரக்குழந்தையையும் வளர்த்துவிட்டு வர, ஷென்ஜெனிலேயே இன்னும் மூன்று வருடம் இருக்கட்டுமா என்று கேட்டாயே, அதற்குப் பதில்.

போனில் சொல்லலாம் என்றால் பேரன் அதைப் பிடுங்கித் தன் பல்லைக் காட்டுகிறான். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

உடம்பு பரவாயில்லை. முழங்கால் மட்டும் மழை வருவதை முன்பே சொல்லிவிடுகிறது.

முதியோர் கல்லூரியில் தூரிகை ஓவியம் கற்கச் சேர்ந்திருக்கிறேன். சேர்ந்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. காலமெல்லாம் வாய்க்கால் வரைபடம் போட்ட கை இது. தூரிகை கொஞ்சம் தயங்கினாலும் மை தாளில் ஊறிப் பரவிவிடுகிறது. நான் தயங்காமல் எதைச் செய்தேன்? இந்த வாரம் ஜோடி வாத்து. ஸ்கேலால் அளந்து, தாளின் சரியான நடுவில் ஆண் வாத்தை வரைந்தேன். இறகுகூட ஓரளவு வந்தது. ஃபாங் ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார்.

“ஐயா, பொண்ணு எங்க? அது வர்றதுக்கு இடமே விடலையே!”

பக்கத்து மேசையில் நம் நண்பர் கு, அவர் சும்மா இருப்பாரா? “அது பேரனைப் பாத்துக்கப் போயிருக்கு டீச்சர்!”

வகுப்பே சிரித்தது. பாதிப் பேர் வீட்டில் அதே கதைதான். நானும் சிரித்தேன்.

மூன்றாவது: நீ இரு. மருமகளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

மாவ்லின்

ஷென்ஜென், அக்டோபர் 27

கிழவரே,

உங்கள் பதிலைப் பையனிடம் படித்துக் காட்டினேன். “அப்பாவே சொல்லிட்டாரா? அப்புறம் என்னம்மா!” என்று குதித்தான். இனி மடக்குக் கட்டில் வேண்டாமாம். எனக்கென்று நல்ல கட்டில் வாங்கப் போகிறார்கள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்திருந்தேன். சரி, போகட்டும்.

ஜோடி வாத்தைத் தனியாக யாராவது வரைவார்களா? கிழித்துப் போடுங்கள். குளிர் வருகிறது, கம்பளிச் சட்டை மேல் அலமாரியில் இருக்கிறது. நாற்காலி போட்டு ஏறாதீர்கள், கு அண்ணனைக் கூப்பிடுங்கள்.

பெய்ஜுவான்

சுசோ, நவம்பர் 4

அன்புள்ள பெய்ஜுவான்,

கிழிக்கவில்லை. பெண் வாத்தை வேறு தாளில் வரைந்து ஒட்டலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். “ஒட்டலாம் ஐயா, ஆனா அது வேற குளத்துல நீந்துற மாதிரி இருக்கும்,” என்றார்.

நேற்று நண்டு வாங்கப் போனேன். ஒன்று போதும் என்றேன். “ஒண்ணா? ஆணும் பொண்ணுமா கட்டி வெச்சிருக்கேன், பிரிச்சா மிச்சத்தை யாரு வாங்குவா தாத்தா?” என்று கடைக்காரி இரண்டையும் கையில் திணித்துவிட்டாள். இரண்டையும் அவித்து, இஞ்சியும் வினிகரும் இரண்டு கிண்ணத்தில் எடுத்துவைத்தேன். ஆணைத் தின்றேன். பெண் நண்டின் முட்டை உனக்குத்தான் பிடிக்கும். அது ஆறிப்போகும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.

இது வந்து சேர்வதற்குள் கட்டில் வந்திருக்கும். பையனுக்குக் கோபம் வரும். மருமகளிடம் எப்படிச் சொல்வாய் என்றும் தெரியவில்லை. அதையெல்லாம் யோசித்து மூன்று தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்: முதல் கடிதத்தில் மூன்றாவதாக நான் எழுதிய பதில் தவறு.

மாவ்லின்