‘இருந்துட்டுப் போகட்டும்’ என்பதற்குச் சிகிச்சை கேட்டு

அனுப்புநர்
மு. பலவேசம் (வயது 76),
கீழத் தெரு, மேலகரம்,
தென்காசி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்காசி மாவட்டம்.

பொருள்: என் மனைவி சங்கரம்மாளுக்கு அளித்துவந்த மூளைத் தூண்டல் சிகிச்சையை, ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று காரணம் காட்டி நிறுத்தியது – மீண்டும் தொடரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அரசு நிதியுதவி பெறும் அருவிக்கரை நரம்பு மறுவாழ்வு மையத்தின் கடிதம், நாள் 20.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொட்டலம் கட்ட வாங்கிய பழைய பத்திரிகைகளைப் படித்தே எழுதக் கற்றேன். இந்த மனுவின் வாசகம் முழுவதும் என்னுடையது. தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிறவர்களிடம் நான் போகவில்லை. குறை இருந்தால் என்னையே கேட்கலாம்.

2. நானும் என் மனைவியும் குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெஸ் நடத்தினோம். அடுப்படி என்னுடையது, பந்தி சங்கரம்மாளுடையது. அருவியிலிருந்து தலைகூடச் சரியாகத் துவட்டாமல் வந்து உட்காருகிறவர்களில், போன சீசனுக்கு வந்தவரை அவள் அடையாளம் கண்டு, “உங்களுக்கு ரசம் கொதிக்கக் கொதிக்க வேணும்லா” என்பாள். அதைவிட அவளுக்குப் பிடித்த வேலை என் பேச்சில் பிழை பிடிப்பது. எந்த வருடம் சாரல் தாமதித்தது, எந்த வருடம் வெள்ளம் கடை வாசல் வரை வந்தது என்று நான் ஏதாவது சொன்னால் பந்தியிலிருந்து மறுப்பு வரும். நானும் கரண்டியை வைத்துவிட்டுப் பதில் சொல்வேன். சாப்பிடுகிறவர்கள் இலையில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் கூட்டுக்கறிக்காக வந்தவர்கள் பாதி, எங்கள் சண்டைக்காக வந்தவர்கள் பாதி.

3. ஒரு கார்த்திகை மாதம் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டார்கள். கொட்டும் மழையில் ஒரு பஸ் நிறைய ஐயப்ப பக்தர்கள் பசியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே பத்துப் பேர் உட்காரத்தான் இடம். ஒதுங்கி நிற்கவும் இடமில்லை. அப்போது பஸ்ஸுக்குள்ளேயே, அவரவர் மடியில் இலையை விரித்துப் பரிமாறிவிடலாம் என்ற யோசனை எனக்குத்தான் வந்தது. தேங்காய்ச் சோறும் எலுமிச்சைச் சோறும் குடையின் கீழ் வாளி வாளியாகப் போயின. அந்த யோசனை என்னுடையது என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

4. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு மூளையில் ரத்தம் அடைத்தது. கை, கால், பேச்சு எதற்கும் பழுதில்லை. கேட்டால் சரியான பதில் சொல்கிறாள். கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. என்ன சமைக்கட்டும் என்றால், “எதாவது.” டி.வி.யில் புரியாத மொழி ஓடினாலும் மாற்றத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டார், “ஆச்சி இப்பம் எவ்வளவு அமைதியா ஆயிட்டாவ அண்ணாச்சி, நீங்க குடுத்து வச்சவரு” என்று என்னை வாழ்த்துகிறார்கள். ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் காளீஸ்வரியும், அம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்கிறாள். ஐயா, இப்போது என் வீட்டில் நான் சொல்வதெல்லாம் சரியாக இருக்கிறது. இதை எந்த மனிதனாலும் தாங்க முடியாது.

5. மேற்படி மையத்தின் டாக்டர் சாஜிதா அவர்கள்தான் நோயைச் சரியாகச் சொன்னார். “அவங்களால முடியும் தாத்தா. மெனக்கெடணும்னுதான் தோணல.” நெற்றியில் ஈரப் பஞ்சு வைத்த பட்டையைக் கட்டி மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள், இது ஆய்வு அளவில்தான் இருக்கிறது, எல்லாருக்கும் பலிக்காது, பலித்தாலும் நிலைக்குமா என்று சொல்ல முடியாது என்றெல்லாம் விளக்கிய பிறகே கையெழுத்துக் கேட்டார். தெரிந்தே போட்டேன்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க அவர் வைத்த சோதனை இதுதான். திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் எளிய கணக்கு, குறைந்த புள்ளி. மற்றதைத் தொட்டால் மண்டையைக் குடையும் கணக்கு, கூடுதல் புள்ளி. முதல் வாரங்களில் அவள் எளியதையே தொட்டாள். பிறகு ஒரு நாள் கடினமானதைத் தொட்டாள். விடை தப்பியது. உச்சுக் கொட்டிவிட்டு மறுபடியும் அதையே தொட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சும்மா இருங்க என்று கையைக் காட்டினாள்.

அன்று திரும்பும்போது, இந்த வருடம் முதலில் தண்ணீர் விழுந்தது ஐந்தருவியில்தான் என்று பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜன்னல் பக்கமிருந்து, “யாரு சொன்னா? பழைய குற்றாலத்துலல்லா மொதல்ல விழுந்துது. வாயில வந்ததச் சொல்லாதீங்க” என்று குரல் வந்தது. மேலகரத்தில் இறங்க மறந்து, தென்காசி பஸ் நிலையம் வரை வாதாடிக்கொண்டே போனோம்.

6. இந்நிலையில், தொடர் சிகிச்சைக்கு ஆள் தேர்வு செய்வதாக மையத்தார் ஞாபகச் சோதனை ஒன்று வைத்தார்கள். இன்று என்ன கிழமை, இந்த ஊர் எந்த மாவட்டம் என்பது போன்ற கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டாள். ஆகவே தகுதியில்லை என்று பார்வையில் கண்ட கடிதம் வந்தது. மேலாளர் விஸ்வநாதன் அவர்களை நேரில் கண்டு முறையிட்டேன். “பெரியவரே, பொண்டாட்டி சண்டை போடலன்னு வைத்தியம் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்” என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் அளந்திருக்கிறார்கள்; இறைக்க மனம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சிகிச்சை நின்றதிலிருந்து அவள் மீண்டும் எதைக் கேட்டாலும் “எதாவது” என்கிறவளாக ஆகிவருகிறாள்.

7. எனவே, அவளுடைய ஞாபகத்தை அளந்தது போதும், மெனக்கெடும் மனத்தை அளந்து முடிவெடுக்குமாறும், டாக்டர் சாஜிதா அவர்களின் கருத்தை எழுத்தில் பெறுமாறும், சிகிச்சையைத் தொடருமாறும் மையத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பலிக்காமல் போனால் குறை சொல்லி இன்னொரு மனு எழுத மாட்டேன்.

8. மேலே பத்தி 3-ல் உள்ளது பொய். பஸ்ஸுக்குள் பரிமாறும் யோசனை சங்கரம்மாளுடையது. நான் அடுப்பின் முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இருந்தும் மெஸ்ஸுக்கு வருகிறவர்களிடம் அதை என் பெருமையாகவே சொல்லிவந்தேன். அவளைப் பேச்சுக்குள் இழுக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட அவள் விட்டுக்கொடுத்ததில்லை. கையிலிருக்கும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, முதலிலிருந்து சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த இலைக்குப் போவாள்.

இந்த மனுவைப் பத்தி 7 வரை எழுதி, நேற்று அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பத்தி 3 வந்ததும் நிறுத்தி, மறுபடியும் படித்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியும். பிறகு, “இருந்துட்டுப் போகட்டும்” என்றாள்.

ஆகவே அந்தப் பத்தியைத் திருத்தாமலே சமர்ப்பிக்கிறேன். அரசுக்குப் பொய் எழுதியதற்கு எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். ஆனால் அதைத் திருத்த வேண்டியவள் அவள். திருத்தும் நாளில் அவளைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வருகிறேன். அன்று நடந்ததை அவளே தங்களிடம் சொல்வாள். சுருக்கமாகச் சொல்ல மாட்டாள். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேலகரம்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. பலவேசம்