கோட்டையும் பண்டகசாலையும்

13-5-1972, சனி

நாளை பாப்பாவுக்குக் காதுகுத்து. அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய என் அண்ணன் கடலூரிலிருந்து சாயங்காலமே வந்துவிட்டான். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. நாங்கள் இருக்கும் இந்த ஊரில் பீங்கான் சூளையில் வேலை. சோறு போடும்போதே ஊர்ச்சண்டை ஆரம்பித்தது.

"இங்கிலீஷ்காரன் கோட்டையில எடுபிடியா இருந்த ஊருதான மச்சான் உங்க ஊரு?" என்று இவர் சிரித்தார்.

"டச்சுக்காரன் பண்டகசாலையில துணி மூட்டை சுமந்தவனுங்க பேசறீங்களா?" என்றான் அண்ணன்.

இவர் அவன் சட்டையைப் பிடித்தார். அவன் ஊறுகாய் ஜாடியை எடுத்து இவர் தலையில் போட்டான். நெற்றி பிளந்து ரத்தம் சோற்றில் சொட்டியது. அப்படியும் இவர் விடவில்லை, அவன் கழுத்தை நெரித்தார். செத்து மண்ணாய்ப்போன துரைகளுக்காக! இருவரும் ஒரு டச்சுக்காரனைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் வெளிய போங்க! இது என் வூடு!" என்று கத்தினேன். அடித்துக்கொண்டே அடுப்பங்கரை வழியாக வெளியே போனார்கள். தாழ்ப்பாள் போட்டேன். பாப்பா அழுது அழுது தூங்கிவிட்டாள். தரையைக் கழுவினேன்.

தெருவில் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. இப்போது ஒன்றும் கேட்கவில்லை. சமாதானமாகியிருப்பார்கள் என்று எழுத வந்தேன்.

இப்போதுதான் கவனிக்கிறேன். அடுப்பங்கரையில் தேங்காய் உடைத்துவிட்டு வைத்த அரிவாளைக் காணோம்.