இடது கைப் பக்கம் ஹோட்டல்

நவம்பர் 3

ஏலே செந்தூர்பாண்டி, நான் பம்பாய் பாக்கலைன்னா வேற எவம்லே பாத்தான்? டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் அப்படியா கேட்பாய்? "கேட்வேல கடலப் பாத்து நின்னா அந்தப் பெரிய ஹோட்டலு எந்தப் பக்கம், சொல்லும்" என்றாய். இடது கைப் பக்கம் என்று பட்டென்று சொன்னேன். நீயும் போனதில்லை, வாயை மூடிக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்துதான் இவ்வளவு பேச்சும் வருகிறது.

உள்ளது இந்த நோட்டுக்கு மட்டும் தெரியட்டும். 1984இல் பட்டாசு லோடு ஏற்றிய லாரியில் பம்பாய்க்குக் கிளம்பினேன். சோலாப்பூரில் வயிறு கெட்டு, ஒரு குடோன் வாசலில் நான்கு நாள் கிடந்தேன். லாரி மட்டும் பம்பாய் பார்த்துவிட்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டது. பம்பாய் வரை போன பையன் என்றுதான் மாமனார் சொர்ணலட்சுமியைக் கொடுத்தார். அவள் பம்பாயைப் பற்றிக் கேட்கக் கேட்கச் சொல்ல, நான் வேலை பார்த்த திருத்தங்கல் பிரஸ்ஸில் வேஸ்ட் என்று தள்ளிய காலண்டர் தாள் ஒன்று கிடைத்தது. கேட்வே ஆஃப் இந்தியா, பக்கத்தில் பெரிய ஹோட்டல், பின்னால் கடல். அந்த ஒரு தாளை வைத்து நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

நவம்பர் 5

பம்பாயில் வேலை பார்க்கும் மகன் ராம்குமார் எங்கள் இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் போட்டுவிட்டான். சொர்ணம் சொல்கிறாள்: "அவன் கூட வர வேண்டாம். நீங்கதான வழி தெரிஞ்சவுக. எல்லாத்தையும் நீங்களே காட்டுங்க."

ராத்திரி அந்தக் காலண்டர் தாளை எடுத்து மறுபடியும் மனப்பாடம் செய்தேன்.

நவம்பர் 14

ரயில் சோலாப்பூரில் நின்றது. தூங்குவதுபோல் நடித்தேன். எதற்கு? அந்த ஊர் ஜன்னல் வழியாக என்னைப் பேர் சொல்லியா கூப்பிடும்?

நவம்பர் 15

இறங்கிய ஸ்டேஷனே அரண்மனை. கல்லில் மயில், குரங்கு எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள்.

"இம்புட்டுப் பெருசு, எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நான் லாரியில வந்தவம்ளா. ஸ்டேஷனுக்குள்ள லாரிய விடமாட்டாக."

தப்பித்தேன்.

நவம்பர் 16

வெள்ளைக்காரன் கட்டிய கிராஃபோர்ட் மார்க்கெட். மணிக்கூண்டு, சரிந்த கூரை, உள்ளே மலை மலையாய்ப் பழம். சும்மா நடந்திருக்கலாம். வாய் கேட்டால்தானே. ஒரு கடையைக் காட்டி, "இங்கனதான் அப்ப பேரீச்சம்பழம் வாங்கித் தின்னேன்" என்றேன்.

சொர்ணம் போர்டைப் பார்த்தாள். "1998னு போட்டிருக்கு. கடை தொறக்க மின்னாடியே தின்னுட்டீகளா?"

அத்திப்பழம் நல்லா இருக்கு என்றேன்.

நவம்பர் 17

கேட்வே. கடலைப் பார்த்து நின்றாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே இடது கையை நீட்டினாள். அங்கே ஹோட்டல் இல்லை. வலது பக்கம் மலைபோல் நின்றது.

"நாப்பது வருசத்துல மாத்திக் கட்டிருப்பாக" என்றேன். சொன்ன எனக்கே வெட்கமாகிவிட்டது.

அந்தத் தாளை ஏன் வேஸ்ட் என்று தள்ளினார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பிலிமைத் திருப்பிப் போட்டு, இடம் வலம் மாறி அடித்த தாள். இத்தனை வருடமும் கலர் சரியில்லை என்றல்லவா நினைத்தேன். பிரஸ்காரன் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன். தூ.

சொல்லிவிட்டேன். "சொர்ணம், நான் இங்கன வந்ததே கிடையாது. சோலாப்பூரோட சரி."

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு பேரு பொண்ணு கேட்டு வந்தாக. நாந்தான் எங்கப்பாட்ட, பம்பாய் போனவரையே பாருங்கன்னேன்."

செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரி. அப்ப ரெண்டு பேருக்குமே இன்னைக்குத்தான் மொதத் தடவ. வாங்க, படகுக்கு டிக்கெட் குடுக்காக."

"இரு சொர்ணம், சோலாப்பூர்ல என்ன ஆச்சுன்னா, டிரைவர் வாங்கிக் குடுத்தாம் பாரு ஒரு முட்டை—"

அவள் அதற்குள் வரிசையில் போய் நின்றுவிட்டாள், எனக்கும் ஓர் ஆள் இடம் விட்டு.